கன்னை வித்தாச்சு

தண்ணீர் கலப்பதில்லை என்று எந்தப் பால்காரர் சொன்னாலும் ஊர் தலையாட்டிவிட்டுச் சிரிக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த பொய். சொல்பவருக்குக் கூச்சமில்லை, கேட்பவருக்குக் கோபமில்லை. ஆனால் மாட்டுக்காரச் சந்தில் இன்னொரு பொய் இருந்தது. அது வெளியாட்களுக்குத் தெரியாது. சினைமாடு மாதம் நிறையாமல் கன்றை வீசிவிட்டால், மறுநாள் யார் கேட்டாலும் "கன்னை வித்தாச்சு" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவர் சந்துக்காரராக இருந்தால் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். வெளியாளாக இருந்தால், "அதுக்குள்ளயா, பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போவார். கன்று வீசிய மாடு இருக்கிற தொழுவத்தில் எவரும் பால் வாங்க மாட்டார்கள் என்பது சந்தின் பயம். ஒரு பால்காரரைக் கவிழ்க்க அது போதும்.

சந்தின் கடைசித் தொழுவம் நுரைக்காரருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கையை உயரத் தூக்கி ஊற்றி, அளவுக் குவளையில் பாதியை நுரையாகவே கொடுத்துவிடுவார் என்று ஊர் வைத்த பெயர் இது. "நுரையை ஊதிட்டு ஊத்துங்களேன்" என்று வாசலுக்கு வாசல் கேலி செய்வார்கள். "நுரை வந்தாத்தாம்மா பால். வராட்டி அது வெள்ளைத் தண்ணி" என்பார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மாட்டை அடித்தும் பார்த்ததில்லை.

தொழுவத்துக்கு மேலே மரப்படி ஏறினால் இரண்டு அறைகள். அவரும் மனைவியும், ஒரே மகனும், மருமகளும். மருமகள் தையல்காரர் வீட்டுப் பெண். துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் வளர்ந்தவளுக்கு மாட்டின் மூச்சுச் சத்தம் கேட்டாலே முதலில் தூக்கம் வரவில்லை. பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வராது என்றாகிவிட்டது. அவளால் பழக முடியாதது ஒன்றுதான். அந்த வீட்டில் பாலைக் காய்ச்ச மாட்டார்கள். கறந்த சூட்டோடு ஆளுக்கு ஒரு குவளை, தொழுவத்திலேயே நின்றுகொண்டு குடித்துவிட வேண்டும். "பால்காரன் வீட்டுல பாலைக் காய்ச்சுறதா? அது ஊராருக்கு" என்பார் நுரைக்காரர். அதில் அவருக்கு ஒரு பெருமை. உதட்டு மேல் நுரை மீசையோடு நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கே ஒரு களை இருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மழைக்காலம் தொடங்கியபோது சந்தையிலிருந்து ஒரு செவலைப் பசுவைப் பிடித்து வந்தார்கள். தலைச்சினை, நல்ல மடி. வாங்கி வந்த கொஞ்ச நாளில், விடியற்காலைக் கறவைக்கு இறங்கிய மகன் கீழேயிருந்து கத்தினான். செவலை முதுகைக் கூனிக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டில் மழை கொட்டுகிறது. பேசினால் காது கேட்கவில்லை. மகன் சாணி ஈரத்தில் முட்டி போட்டு வெறுங்கையை உள்ளே விட்டு இழுத்தான். மருமகள் வெந்நீர் வாளியும் சாக்குமாக நின்றாள். வெளியே வந்தது சரியாக மயிர்கூட முளைக்காத கன்று. மூச்சில்லை. கன்றோடு விழ வேண்டிய இளங்கொடி விழாமல் தொங்கியது. அதையும் அவனே முழங்கை வரை கைவிட்டு எடுத்துப்போட்டான். பிறகு கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டு மற்ற மாடுகளைக் கறக்க உட்கார்ந்துவிட்டான். வாடிக்கைக்காரர்கள் மழைக்காகக் காத்திருக்க மாட்டார்களே. கறந்து முடித்ததும் தன் குவளையைக் குடித்தான்.

"கன்னை வித்தாச்சு" என்றார் நுரைக்காரர். யாரும் கேட்கவில்லை. நாக்குக்குப் பழக்கிக்கொள்வதற்காகச் சொன்னது போலிருந்தது.

செத்த கன்று கிடந்த சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகள், "யாருக்கு மாமா?" என்று கேட்டுவிட்டாள்.

மாமியார்தான் பதில் சொன்னாள். "இங்க அப்படித்தான் சொல்லணும்மா. கேக்காதே." சொல்லிவிட்டு மகன் கழற்றிப்போட்ட சட்டையை அவளிடம் நீட்டினாள். ரத்தமும் சளியுமாக இருந்த அந்தச் சட்டையை மருமகள்தான் கையால் கசக்கித் துவைத்தாள்.

மாதம் ஒன்று போனதும் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் இருக்காது. மாடு கழுவி, புல் இறக்கி, சாதாரணமாகத்தான் இருப்பான். வெயில் சாய்ந்தால் பல் கிட்டும். ராத்திரியெல்லாம் வேர்த்து, போர்வையைப் பிழியலாம். அந்த வேர்வையில் ஈர வைக்கோல் வாடை அடித்தது. "தொழுவத்துல புரள்றவனுக்கு வேற என்ன வாடை அடிக்கும்" என்று தள்ளிவிட்டார் நுரைக்காரர். கொஞ்ச நாள் விட்டது. போய்த் தொலைந்தது என்று நினைத்தபோது திரும்பி வந்தது, வீட்டு மாப்பிள்ளையைப் போலச் சொல்லாமல் கொள்ளாமல். தெருமுனை டாக்டர் முதலில் டைபாய்டு என்றார். பிறகு மலேரியா என்றார். அதற்கும் கேட்கவில்லை என்றதும், "வயசுப் பையன், மனசுல ஏதாவது கவலையா?" என்றார். மாத்திரை மாறியது, காய்ச்சல் மாறவில்லை. இடுப்பில் வலி இறங்கியது. படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். கடைசியில் கறக்கிற கையே விட்டுப்போயிற்று. காம்பைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை. கை சரியில்லை என்று மாட்டுக்குத் தெரிந்துவிடும், பாலை மேலே இழுத்துக்கொள்ளும். எந்த மாடும் உதைக்காத அவனை ஒருநாள் கிழட்டுப் பசு உதைத்தது. அன்றைக்கு அவன் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதான். அதைப் பார்த்த பிறகுதான் நுரைக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார்.

இதற்கிடையில் மருமகள் முழுகாமல் இருந்தாள். வீட்டில் அதைக் கொண்டாட யாருக்கும் நேரமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை அறையைத் தாண்டி, பெயர் தெரியாத காய்ச்சல்களுக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. மற்ற டாக்டர்கள் கையை விரித்த காய்ச்சல்கள் அங்கே வந்து சேரும். அதை நடத்திய டாக்டரம்மாவைக் காவலாளி முதல் எல்லோரும் 'காய்ச்சல் டாக்டர்' என்றார்கள். நாற்பதைத் தாண்டியவர். பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே கேள்வி கேட்பார். பதிலைக் கேட்கும்போது மட்டும் மெல்லுவதை நிறுத்திவிடுவார். மகனைப் படுக்க வைத்து இடுப்பை அழுத்தி, மண்ணீரலைத் தடவிப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். அவனை அங்கேயே படுக்கையில் சேர்த்துக்கொண்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார். முதல் முடிவு வந்ததும் வீட்டாரைக் கூப்பிட்டார். நுரைக்காரர், மாமியார், மருமகள் மூவரும் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மருமகள் மழைக்காகப் போர்த்தியிருந்த கம்பளியை எடுக்கவில்லை.

"உங்களுக்கு மாடு இருக்குல்ல, ஐயா?"

"நாலு உருப்படி இருக்குங்க."

"வீட்டுல பச்சைப்பால் குடிப்பீங்களா?"

"சேச்சே! காய்ச்சித்தாங்க." நுரைக்காரர் யோசிக்கவே இல்லை. வாடிக்கைக்காரரிடம் சொல்கிற குரல் தானாக வந்துவிட்டது.

"சமீபத்துல ஏதாவது மாடு கன்னு வீசிச்சா?"

அந்தச் சொல் ஒரு டாக்டர் வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மடியிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "இல்லீங்க. எல்லாம் நல்லபடியா ஈனிச்சு."

"கன்னுங்க எல்லாம் தொழுவத்துல இருக்கா?"

"ஒண்ணு மட்டும் இல்ல. கன்னை வித்தாச்சு."

டாக்டரம்மா மெல்லுவதை மறுபடி ஆரம்பித்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கேக்கறேன்னா, மாட்டுக்கிட்டேருந்து மனுஷனுக்கு வர்ற ஒரு காய்ச்சல் இருக்கு. மாடு கன்னு வீசுறதும் அதே கிருமியாலதான். ஏறும், இறங்கும், முதுகைப் பிடிக்கும், விட்டுவெச்சா சில பேருக்கு இதயத்துலயே போய் உக்காந்துடும். பழைய நோய். ஒரு காலத்துல இதை வாதம்னாங்க, சோம்பேறித்தனம்னாங்க, மூளைக் கோளாறுன்னுகூடச் சொன்னாங்க. ஏதோ ஒரு தீவுல பட்டாளத்துக்காரங்க வரிசையா விழுந்தாங்க. காத்துல வருது, சாக்கடையில வருதுன்னு தேடாத இடமில்லை. கடைசியில பாத்தா, அவங்க தினம் குடிச்ச ஆட்டுப்பால்ல இருந்துச்சு."

"பால்லயா?" என்றார் நுரைக்காரர். அவமானப்பட்டவர் போலிருந்தது குரல்.

"ஆமா. இவர் ரத்தத்துல அதோட தடம் கொஞ்சம் தெரியுது. ஆனா மாட்டோட பொழங்குறவங்களுக்கு இந்த அளவு சும்மாவே இருக்கலாம். எப்பவோ வந்துட்டுப் போன தடமா, இப்ப இருக்கறதான்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. தொழுவத்துல புதுசா ஏதாவது நடந்திருந்தா அது வேற கதை."

"நடக்கலீங்க."

"சரி. உங்க மகனும் இதையேதான் சொன்னார். அப்ப நான் முதுகெலும்புல டிபி இருக்கான்னு தேடணும். நாளைக்கே பெரிய ஊசியா போட்டு எலும்புலேருந்து துணுக்கு எடுக்கணும். இன்னொரு பக்கம், ரத்தத்தை பாட்டில்ல ஊத்தி சூட்டுல வெச்சிருக்கோம். உள்ள ஏதாவது இருந்தா வளரும். வளர்றப்ப வளரட்டும்."

மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, மாட்டுக்குக் கன்னு போகும்னீங்களே. மனுஷங்களுக்கும் அப்படிப் போகுமா?"

"போகலாம். ஏம்மா?"

நுரைக்காரர் முந்திக்கொண்டார். "சும்மா கேக்குறாங்க. தையல்காரர் வீட்டுப் பொண்ணு. எதையும் அளந்து பாக்குற புத்தி." சொல்லிவிட்டுச் சிரித்தார். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

மூவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். தொழுவத்துக்கு வந்ததும் நுரைக்காரர் தீனித் தொட்டியில் புண்ணாக்கைக் கரைக்க ஆரம்பித்தார். மருமகள் கம்பளியைக்கூட எடுக்காமல் அவர் எதிரில் போய் நின்றாள். அவள் அவரிடம் நேருக்கு நேர் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏன் மாமா சொல்லல?"

"எதை?"

"செவலை வீசினதை. நாலு பேர் நின்னு பாத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே."

"மெதுவாப் பேசு. பக்கத்துத் தொழுவத்துல ஆள் இருக்கு."

"இருக்கட்டும். உங்க புள்ளை முதுகுல ஊசி ஏத்தப்போறாங்க. அது தேவையா இல்லையான்னு உங்க ஒரு வார்த்தையில தெரிஞ்சுடும். வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க."

"உனக்குத் தெரியாதும்மா." அவர் தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மாட்டு டாக்டர் வருவான். எல்லாத்துக்கும் ரத்தம் எடுப்பான். காதுல துளை போட்டு ஓட்டிட்டுப் போவான். வெட்டிப் பொதைப்பான். அப்புறம் நாம எதைக் கறக்கறது, சுவத்தையா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நுரைக்காரன் பால்ல நோய்னு ஒருத்தன் சொன்னாப் போதும். இந்தச் சந்தே காலி. எட்டு தொழுவம். அத்தனை பேர் சாபமும் என் தலையில."

"அப்ப அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. டாக்டர்னா அவங்களே கண்டுபிடிக்கணும். நாம சொல்லித்தான் தெரியணும்னா அவங்க என்னத்துக்குப் படிச்சாங்க?"

"அவங்க கேட்டாங்களே மாமா! கண்டுபிடிக்கத்தானே கேட்டாங்க!"

அவர் தொட்டியை விட்டுச் செவலையின் கழுத்தைத் தடவினார். அது அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அந்தக் கழுத்தில் கத்தி விழும் என்று நினைக்கவே அவருக்கு முடியவில்லை. பிள்ளை மேல் பாசமில்லாத மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிள்ளையையும் காப்பாற்றி மாட்டையும் காப்பாற்றிவிடலாம், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். அப்படி நம்புகிறவர்களிடம் என்ன பேசுவது?

"எனக்கும் ரெண்டு நாளா சாயங்காலமானா குளிருது" என்றாள் மருமகள்.

டமார் என்று சத்தம் கேட்டது. மூலையில் கேன் தேய்த்துக்கொண்டிருந்த மாமியாரின் கையிலிருந்து மூடி விழுந்து, சாணி வாய்க்கால் வரை உருண்டு போயிற்று. அவள் அதை எடுக்கவில்லை.

"அந்தப் பெருமழை வருஷமும் இப்படித்தான் வரிசையா வீசிச்சு" என்றாள் புருஷனைப் பார்த்து.

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் கறவை முடிந்து நுரைக்காரர் படியேறி வந்தபோது அறை முழுக்க ஆவியாக இருந்தது. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றாள். ஒருதரம் பொங்கி, அடங்கி, மறுபடி பொங்கியது. அவள் இறக்குவதாக இல்லை.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார் அவர்.

"இந்த வீட்டுக்கே."

ஆற்றி ஒரு குவளையை மருமகளிடம் கொடுத்தாள். ரொட்டித் துண்டு இரண்டைத் துணியில் முடிந்தாள். "கிளம்பு. ஊசிக்கு முன்னாடி போயிடணும்" என்றாள். நுரைக்காரர் படியில் வழிமறித்து நிற்கவில்லை. விலகி வழிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. வெறுமனே நின்றார். இரண்டு பெண்களும் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப்போனார்கள்.

பேருந்துக் கண்ணாடியில் மழை சாத்தியது. எங்கோ பாலத்தடியில் தண்ணீர் ஏறிவிட்டதென்று வண்டி ஊர்ந்தது. மருமகள் வயிற்றில் கையை வைத்தபடியே வந்தாள். மாமியார் அதைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். "அசையுதா?" என்று ஒருதரம் கேட்டாள். "காலையில அசைஞ்சுது அத்தை" என்றாள் மருமகள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மகனைச் சக்கரக் கட்டிலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். முதுகில் ஊசி போடும் இடத்தில் மருந்து தடவி, நீலத்துணி போர்த்தி, குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.  அம்மாவின் செருப்பைப் பார்த்து, "நனைஞ்சுட்டியா" என்று மட்டும் கேட்டான். காய்ச்சல் டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பாட்டில் ஒண்ணு கலங்கியிருக்கு. உள்ள எதுவோ வளருது. லேப்ல தட்டுல பரப்பிப் பாத்துட்டிருக்காங்க. அது என்னன்னு தெரிய நாளாகும். அதுவரைக்கும் எலும்பைச் சும்மா விட முடியாது."

"டாக்டரம்மா" என்றாள் மாமியார்.  முப்பது வருஷமாக ஒரே பதிலைச் சொல்லி வந்த வாய். மருமகள் அவள் கையைப் பிடித்தாள்.

"சொல்லுங்கம்மா."

"கன்னை விக்கல."

"என்ன?"

"கன்னை விக்கலம்மா. செவலை வீசிடுச்சு. செத்துத்தான் விழுந்துச்சு. இவன்தான் கைய விட்டு இழுத்தான், கொடியையும் எடுத்தான். பின்னாடி பொதைச்சோம். பாலையும் காய்ச்சறதில்ல. நாங்க யாருமே காய்ச்சறதில்ல."

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு நொடி அவளையே பார்த்தார். அப்புறம் திரும்பி ஓடினார். கையுறை மாட்டிய கைகளை உயர்த்திக்கொண்டே, நடைபாதையில் தள்ளுவண்டிகளை இடித்துக்கொண்டு, லேப் கதவு வரைக்கும் ஓடினார். "அந்தத் தட்டை மூடுங்க! தொடாதீங்க! மூடிட்டு வெளிய வாங்க!" என்ற சத்தம் இந்த முனை வரை கேட்டது. பெஞ்சில் இருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.  தான் ஏதோ தீயை வைத்துவிட்டது போலிருந்தது மாமியாருக்கு.

திரும்பி வரும்போது டாக்டரம்மாவோடு லேப்காரரும் வந்தார். வழுக்கைத் தலை, தடிக் கண்ணாடி. முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரிக்கப் பார்த்தார். "ஒரு தட்டைத் தொறந்து மோந்தே பாத்துட்டேன்மா. பழைய ஆளுங்க பழக்கம். வாசனையை வெச்சே கிருமி சொல்லிடுவோம்னு ஒரு திமிரு."

"இந்தக் கிருமி மூக்கு வழியாவே போகும்" என்றார் டாக்டரம்மா. "மாட்டுக்காரங்களுக்கு அப்புறம் இது அதிகமா பிடிக்கிறது லேப்காரங்களைத்தான். இது இருக்கலாம்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுத்தான் தொறந்திருப்போம். இப்ப இவரும் மாத்திரை முழுங்கணும்."

"எங்களால..." என்று ஆரம்பித்த மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். கன்னை இழுத்தப்ப இவர் போட்டிருந்த சட்டையை யார் துவைச்சா?"

"நான்தான்."

"கம்பளியை எடு." எடுத்தாள். டாக்டரம்மாவின் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். "எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"நேத்தே ஏன் சொல்லல? உக்காரு. கைய நீட்டு." ரத்தத்தை அவரே எடுத்தார். குரல் கடுமையாக இருந்தது, ஊசி குத்திய கை மெதுவாகத்தான் குத்தியது. "உனக்கு மாத்திரை வேற. வயித்துல இருக்கறதைக் கெடுக்காத மாத்திரை. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல, இன்னிக்கே ஆரம்பிக்கறோம். புள்ளை தங்குமான்னு என்கிட்ட கேக்காதே, எனக்குத் தெரியாது. நேத்தைவிட இன்னிக்கு வாய்ப்பு நல்லாருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்." எலும்புத் துணுக்கு எடுக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி, மகனை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

எல்லோரும் நகர்ந்தபின் மாமியார் மட்டும் அசையவில்லை.

"உங்களுக்கும் எடுக்கணும்மா" என்றார் டாக்டரம்மா. "என்ன யோசனை?"

"எனக்கு ரெண்டு போச்சு. இவனுக்கு முன்னாடி. ஒண்ணு அஞ்சாம் மாசம், ஒண்ணு அதுக்கும் கொஞ்சம் தள்ளி. அந்தப் பெருமழை வருஷம். தொழுவத்துல மாடெல்லாம் வீசிட்டிருந்துச்சு. எனக்கு வயித்துல தங்காதுன்னு சொன்னாங்க. பலமில்லாத வயிறுன்னு. அவரும் அதைத்தான் சொன்னாரு. நானும் அப்படித்தான் நினைச்சுட்டேன்." அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "அது இதுவா டாக்டரம்மா?"

 ஆமாம் என்று சொல்லிவிடுவது எளிது. அது அந்த அம்மாளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். டாக்டரம்மா அதைச் செய்யவில்லை.

"இருக்கலாம்மா. ஆனா சொல்ல முடியாது. அன்னிக்கு ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கலையே."

"யாருமே கேக்கல" என்றாள் மாமியார். "கேட்டிருந்தாலும் கன்னை வித்தாச்சுன்னுதான் சொல்லியிருப்போம்."

தட்டில் வளர்ந்தது அதே கிருமிதான் என்று சில நாளில் உறுதியாயிற்று. மருமகள் ரத்தத்திலும் இருந்தது. அவளுக்குச் சாயங்காலக் குளிர் முதலில் விட்டது. மகனுக்கு இடுப்பு வலி இறங்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. வயிற்றுப் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் அசைவு தெரியாவிட்டால் வீட்டார் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாட்டு டாக்டர் வந்து எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். நோய் இருந்த செவலையையும் கிழட்டுப் பசுவையும் லாரியில் ஏற்றினார்கள். கிழட்டுப் பசு தானாக ஏறியது, செவலை திரும்பித் திரும்பிப் பார்த்தது. நுரைக்காரர் அதை ஏற்றும்வரை கயிற்றை விடவில்லை. லாரி போன பிறகு வெறும் கயிறு கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

அன்று மாலை மனைவி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில நான் சொல்லிட்டேன்" என்றாள். "வீடு வீடா ஊத்தினது நீங்க. அவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்."

"பக்கத்துத் தொழுவத்துக்காரன் காலையிலயே வந்து காறித் துப்பிட்டுப் போனான்."

"துப்பட்டும். துடைச்சுட்டுப் போங்க."

மறுநாள் விடிந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கேன் காலி. வெறுங்கையோடு போய் வாசலில் நிற்க அவருக்குத் தெரியாது, அதனால் தூக்கிக்கொண்டார். மழை விட்டுத் தெருவெல்லாம் சேறாக இருந்தது. முதல் வாசலில் கைக்குழந்தைக்காரி பாத்திரத்தோடு வந்தாள்.

"எங்க போனீங்க இத்தனை நாளா? நுரை இல்லாம டீயே இறங்கல. ஆமா, செவலையோட கன்னை வித்துட்டீங்கன்னு சொன்னீங்களே, நல்ல இடமா?"

"வித்..." என்று அவர் வாய் தானாகவே ஆரம்பித்தது. கேனைக் கீழே வைத்தார்.

"விக்கலம்மா. மாடு கன்னு வீசிடுச்சு. நோய் இருந்திருக்கு. பாலைக் காய்ச்சாம யாராவது குடிச்சீங்களா? புள்ளைக்குக் குடுத்தீங்களா? சாயங்காலமானா காய்ச்சல் வருதா பாருங்க. வந்தா பெரிய ஆஸ்பத்திரி பின்கட்டுல காய்ச்சல் டாக்டர் இருக்காங்க, உடனே போங்க. என் பேரைச் சொல்லுங்க."

அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பாத்திரம் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை போலும். 

"இதுக்கு முன்னாடியும் உங்க தொழுவத்துல இப்படிப் போயிருக்கா?"

"போயிருக்கும்மா. மாடு பலது போயிருக்கு." அவர் கேனின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என் வீட்டுலயும் ரெண்டு போச்சு. அது இதாலயான்னு டாக்டராலேயே சொல்ல முடியலை. நான் அவ வயித்தைத்தான் குத்தம் சொன்னேன்."

அவள் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். நுரைக்காரர் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.